அம்பாசிடர் ஃப்ளோர் மாற்றுவது: மக்கிய தகரத்தை அரிந்து புதுத் தகரம் வைக்கும் முறை

அம்பாசிடரில் கால்மிதி ரப்பரைத் தூக்கிப் பார்க்கும்போது கீழே ரோடு தெரிந்தால், அந்த ஓட்டையின் அளவை வைத்து வேலையைக் கணக்குப் போட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தகரம் அப்பளம் போல ஆகியிருக்கும். அரிய வேண்டியது அந்தத் தட்டை. சில வண்டிகளில் அது கதவு ஓரம் வரை போகும்.

இந்த வண்டிக்கு லாரி, ஜீப் மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்ற பிரிட்டிஷ் காரின் உடம்புதான் அடிப்படை. 2014-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நிற்கும்வரை அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஃப்ளோர் தகரம், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி, அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்கள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுதான் பாரம் தாங்குகின்றன. பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை வைத்து பாப் ரிவெட் அடிப்பது, எம்-சீல் அப்பித் தார் ஊற்றுவது போன்ற வேலைகள் ஓட்டையை மறைக்குமே தவிரப் பாரத்தைத் தாங்காது. அதைவிட மோசம், இரண்டு தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, நல்லதாக இருந்த பாகத்தையும் தின்னும். பிரீமியர் பத்மினி காருக்கும் இதே முறைதான். அளவுகள் மட்டும் வேறு.

தண்ணீர் வந்த வழி

இதைக் கண்டுபிடிக்காமல் வெல்டிங் மெஷினைத் தொடக் கூடாது. ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். அடிப்பக்கக் கோட்டிங் நல்லபடியாக இருந்து மேல்பக்கம் மட்டும் செதில் செதிலாக உரிந்தால், தண்ணீர் உள்ளேயிருந்து வந்திருக்கிறது. முன்பக்கக் கால் வைக்கும் இடத்தில் பெரும்பாலும் இதுதான் கதை. முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து விட்ட இடத்தில் கசிந்த தண்ணீர், டேஷ் போர்டுக்குப் பின்னால் வழிந்து தரை மேட்டுக்கு (மேட் விரிப்புக்கு) அடியில் இருக்கும் சணல் ஃபெல்ட்டில் ஊறிவிடும். மழை நின்று பத்து நாள் ஆனாலும் அந்த ஃபெல்ட் காயாது.

கசிவைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே காய்ந்த செய்தித்தாளைப் பரப்பி ஒருவர் டார்ச்சோடு உட்கார, மற்றவர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது முக்கியம். முதலில் கதவின் அடி ரப்பர், பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்க விளிம்பு, கடைசியில் மேல் விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். மேலேயே ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது கசிந்தது என்று தெரியாது. கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் கம்பி விட்டுக் குத்திவிடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரன்னிங் போர்டு பெட்டிக்குள் சேறு தங்கியிருக்கும். அந்த வண்டியில் ஃப்ளோரை மட்டும் மாற்றினால், உள்ளிருந்து அரிக்கும் பெட்டியில் புதுத் தகரத்தை ஒட்டியதாகத்தான் ஆகும்.

எதுவரை அரிவது

சீட், மேட், ஃபெல்ட், கதவு ஓரப் பட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஃப்ளோரில் பழைய தார் ஷீட் ஒட்டியிருந்தால் ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்கிப் புட்டித் தகட்டால் வழித்தெடுக்கலாம். இதற்கு கேஸ் டார்ச் வேண்டாம், தார் பற்றிக்கொள்ளும். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி மேலும் கீழும் தேய்த்து, கூரான குத்தூசியால் ஒரு இன்ச்சுக்கு ஒரு குத்து வைத்துப் பாருங்கள். ஊசி இறங்கினாலோ தகரம் நெளிந்தாலோ அது போன தகரம். சிறிய சுத்தியலால் தட்டினாலும் தெரியும். நல்ல இடம் கணீரென்று பேசும், மக்கின இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும்.

போன இடத்தின் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, அதற்கு வெளியே 25 முதல் 40 மி.மீ. தள்ளி இரண்டாவது கோடு போடுங்கள். அரிவது இந்த வெளிக்கோட்டில். தகரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உள்கோட்டை ஒட்டி அரிந்தால், வெல்டிங் சூட்டில் விளிம்பு உருகி உள்வாங்கி, ஓட்டை வளர்ந்துகொண்டே போகும். ஃப்ளோர் வேலையில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாலைந்து சின்ன ஒட்டு வைப்பதைவிட ஒரே பெரிய ஒட்டு நல்லது. வெல்டிங் கோட்டின் நீளம் குறையும், அடுத்த துரு தொடங்கும் இடமும் குறையும். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் 25 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து வரையுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

அரிவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் எல்லாம் இந்தத் தகரத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவற்றோடு இந்த வண்டிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளான டார்ஷன் பார்கள் நீளவாக்கில் பின்னால் வந்து, ஃப்ளோருக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் பிடிபட்டிருக்கும். வண்டி நிற்கும்போதே அந்தக் கம்பி முறுக்கிய நிலையில் இருக்கிறது. துரு அந்தச் சட்டம் வரை போயிருந்தால் பாரை முறைப்படி தளர்த்தாமல் அங்கே அரியவோ சுடவோ கூடாது. அதைச் செய்து பழகிய மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி. சட்டம் நன்றாக இருந்தாலும் வேலை முடியும்வரை பாரைத் தடித்த ஈரச் சாக்கால் சுற்றி வையுங்கள். கிரைண்டர் கீறலோ வெல்டிங் பொட்டோ விழுந்த டார்ஷன் பார் பின்னொரு நாள் அந்த இடத்தில்தான் உடையும்.

சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடம் எது என்று ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அதன் பக்கத்தில் கிரைண்டர் போகக் கூடாது.

தகரமும் மற்ற சாமானும்

நல்லதாக இருக்கும் பகுதியைப் பளிச்சென்று தேய்த்து வெர்னியரால் அளந்து பாருங்கள். அதே கனமோ ஒரு படி கூடவோ வாங்க வேண்டும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. ‘கனமாகப் போட்டால் காலத்துக்கும் நிற்கும்’ என்று 16 கேஜ் வாங்குபவர்கள் உண்டு. கையால் வளைக்கவும் முடியாது, பக்கத்தில் இருக்கும் பழைய மெல்லிய தகரம் வெல்டிங் சூட்டில் பொத்துக்கொண்டே போகும்.

கேட்டு வாங்க வேண்டியது சி.ஆர். (கோல்டு ரோல்டு) ஷீட். எட்டுக்கு நாலு அடி ஷீட் 1 மி.மீ. கனத்தில் 23 கிலோவும் 1.2 மி.மீ. கனத்தில் 28 கிலோவும் வரும். முன்பக்கம் இரண்டு கால்மிதிக்கும் பின்பக்கம் ஓர் ஒட்டுக்கும் ஒரு ஷீட் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்ற ஆசை வேண்டாம். சூட்டில் துத்தநாகம் புகையாகி வெல்டிங்கில் குமிழ் விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல், உடம்பு நடுக்கம் எல்லாம் வரும்.

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் கடைகளில் இன்னொரு வண்டியில் அரிந்த ஃப்ளோர் கிடைக்கலாம். வரிகள், வளைவுகள் எல்லாம் தயாராக இருக்கும் என்பது லாபம். ஆனால் உங்கள் வண்டி எங்கே மக்கியதோ அதே இடத்தில்தான் அதுவும் மக்கியிருக்கும். குத்தூசியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே குத்திப் பார்த்து வாங்குங்கள்.

வெல்டிங்குக்கு பட்டறையில் சி.ஓ.டூ மெஷின் என்று சொல்லும் கம்பி ஓடும் மெஷின் வேண்டும். கம்பி 0.8 மி.மீ., கிடைத்தால் 0.6 இன்னும் நல்லது. கேஸ் சுத்த சி.ஓ.டூ-வாக இருந்தாலும் ஓடும், ஆனால் சூடும் தெறிப்பும் அதிகம். மெல்லிய தகரத்துக்கு ஆர்கான் 80, சி.ஓ.டூ 20 என்ற கலவை சிலிண்டர் கையில் பேசும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர் விடுங்கள். கேஸ் வெல்டிங்கில் தேர்ந்த பழைய டிங்கர்கள் அழகாக ஒட்டுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் தட்டையான ஃப்ளோரில் அந்தச் சூடு பரவித் தகரம் முழுக்க நெளியும். ராடு வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்துக்குப் பெரும்பாலும் பொத்தல்தான் போடும்.

இவை தவிர 1 மி.மீ. கட்டிங் வீல் பத்து, 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் ஐந்தாறு, ஸ்பாட் வெல்டு எடுக்க 8 மி.மீ. டிரில் பிட், கவ்விப் பிடிக்கும் வைஸ் கிரிப் ஐந்தாறு, எபாக்சி பிரைமர் ஒரு லிட்டர், துத்தநாக வெல்டிங் பிரைமர் ஒரு ஸ்ப்ரே டப்பா, பி.யு. (பாலியூரித்தேன்) சீலென்ட் மூன்று நான்கு குழல், அடிப்பக்க ரப்பர் கோட்டிங் இரண்டு மூன்று லிட்டர் ஆகும். கையில் ஒரு கொட்டாப்புளியும், தட்டும்போது மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும் வேண்டும்.

அரியும் முன் தாங்கு கொடுப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் ஆக்சிலுக்கு அடியிலும் முன் சஸ்பென்ஷன் தாங்கும் பலமான இடத்திலும் ஸ்டாண்டு வையுங்கள். ஃப்ளோர் தகரத்துக்கு நேர் கீழே ஜாக் வைக்க வேண்டாம். கதவுகளைச் சாத்தி, கதவுக்கும் பில்லருக்கும் இருக்கும் இடைவெளியை நாலு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரன்னிங் போர்டையும் தொட வேண்டிய வண்டியாக இருந்தால், கதவைக் கழற்றி அந்த வாசலில் 25 மி.மீ. சதுரக் குழாயை மூலைக்கு மூலை வைத்து டேக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிக்க வேண்டும். தாங்கு இல்லாமல் அரிந்து, அப்படியே ஒட்டி முடித்த பிறகு கதவு பூட்டில் உட்காராமல் போனால் திரும்ப எல்லாவற்றையும் அரிவதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் முழுசாக ஒட்டி முடிந்த பிறகே அடுத்த பக்கத்தை அரியுங்கள்.

சீட் போல்ட் ஓட்டைகளின் இடத்தை இப்போதே அட்டையில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பழைய தகரம் போய்விட்டால் அந்த அளவு வேறெங்கும் கிடைக்காது. இந்த வண்டியில் இன்ச் மரைகள் இருக்கும் என்பதால் பழைய போல்ட்டைத் தூக்கிப்போட வேண்டாம், அதைக் காட்டியே புதியது வாங்குங்கள்.

தீ விஷயத்தில் சமரசம் கிடையாது. பெட்ரோலை வடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. காலி டேங்கில் இருக்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். பைப்பையும் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். பாட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளை எடுத்துவிடுங்கள். ஒயர்களைப் பக்கத்தில் ஒதுக்கிக் கட்டுங்கள். வெல்டிங் கோட்டின் இரண்டு பக்கமும் 10 செ.மீ. அகலத்துக்கு அடிக் கோட்டிங்கைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் உள்ளே சுடும்போது அது கீழே எரியும், உங்களுக்குத் தெரியாது. தீயணைப்பானோடு ஓர் ஆள் வெளியே நின்று அடியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டுப் பட்டறையைப் பூட்டுங்கள்.

அரிவது

நடுவில் பெரிய துண்டாக முதலில் எடுத்துவிடுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு வெளிக்கோட்டுக்கு வாருங்கள். கட்டிங் வீல் தகரத்தைத் தாண்டிக் கீழே 2 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. குறுக்குச் சட்டத்தின் மேல் தகரம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கிரைண்டரை வைக்க வேண்டாம். அங்கே பழைய ஸ்பாட் வெல்டுகள் சின்ன வட்டப் பள்ளமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் 8 மி.மீ. பிட்டால் மேல் தகரத்தின் கனத்துக்கு மட்டும் துளைத்து, மெல்லிய உளியை விட்டுப் பிரித்தால் சட்டம் சேதமில்லாமல் நிற்கும். ரன்னிங் போர்டு விளிம்பிலும் அப்படியே.

திறந்த சட்டத்தின் உள்ளே துரு இருந்தால் கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி. டப்பாவில் சொன்ன நேரம் விட்டுக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். செதில் இருக்கும் துருவின் மேல் அந்தத் திரவத்தைப் பூசினால் மேல் செதில் மட்டும் கறுக்கும், அடியில் ஒன்றும் ஆகாது.

புதுத் தகரத்துக்கு வரி போடுவது

பழைய ஃப்ளோரில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுவது அழகுக்காக இல்லை. வரி இல்லாத தட்டைத் தகரத்தை அங்கே வைத்தால், கால் வைக்கும்போதெல்லாம் எண்ணெய் டின்னை அமுக்கியது போல டொக்கு டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். ஓடும்போது அதிர்ந்து இரையும். அந்த அசைவில் வெல்டிங் ஓரம் ஒரு நாள் கீறிவிடும்.

அட்டையில் முதலில் வார்ப்பு எடுத்து, அந்த அட்டை ஓட்டையில் சரியாக உட்காரும்வரை வெட்டித் திருத்துங்கள். தகரத்துக்கு மாற்றும்போது எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் கூட விட்டு வெட்டுங்கள். வரி போடும்போது தகரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், சரி அளவில் வெட்டிவிட்டு வரி போட்டால் ஓரம் எட்டாது. பீடிங் ரோலர் மெஷின் இருக்கும் பட்டறையில் இது பத்து நிமிட வேலை. இல்லையென்றால் கெட்டியான மரக்கட்டையில் 12 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் குடைந்து, அதன் மேல் தகரத்தைக் கிளாம்ப் போட்டு, முனை மழுக்கிய அகல உளியால் பள்ளத்தின் வழியே அடிக்க வேண்டும். ஒரே அடியில் ஆழத்துக்குப் போகாமல், முழு நீளத்துக்கும் மெதுவாக மூன்று நான்கு சுற்று. அவசரப்பட்டால் வரியின் இரண்டு முனையிலும் தகரம் கிழியும்.

வரி முடிந்த பின் அட்டையை மறுபடி வைத்து இறுதி அளவுக்கு வெட்டுங்கள். சட்டத்தின் மேல் உட்காரும் இடங்களில் இரண்டு நூல் (கால் இன்ச்) அளவுத் துளைகளை 30 மி.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். பழைய ஸ்பாட் வெல்டுக்குப் பதில் இந்தத் துளைகள் வழியாகத்தான் பிளக் வெல்டு வரும். சீட் போல்ட் வரும் இடத்துக்கு அடியில் 2 மி.மீ. கனத்தில் 50-க்கு 50 மி.மீ. தட்டு ஒன்றை நட்டோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். வடிகால் ஓட்டைகளைப் பழைய இடத்திலேயே போட மறக்க வேண்டாம்.

ஒட்டுவது

இரண்டு விதமாக ஒட்டலாம். விளிம்போடு விளிம்பு வைத்து நடுவில் 1 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால் தண்ணீர் தங்க இடமில்லை, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று 12 முதல் 15 மி.மீ. ஏறும்படி வைத்து ஒட்டுவது சுலபம், பொத்தல் விழும் பயம் குறைவு. ஃப்ளோரைப் பொறுத்தவரை முதல் தடவை செய்பவருக்கு இரண்டாவதே போதும், ஒரு நிபந்தனையோடு: ஒட்டும் முகங்கள் இரண்டிலும் துத்தநாக வெல்டிங் பிரைமர் அடித்திருக்க வேண்டும், பிறகு மேலும் கீழும் சீலென்ட் போட்டு அடைக்க வேண்டும். வெல்டு விழும் இடத்தில் அந்தப் பிரைமரையும் சுரண்டிவிட்டால் தெறிப்பு குறையும்.

மெஷினை வண்டியில் செட் செய்யாதீர்கள். அரிந்து எடுத்த பழைய தகரத்தின் நல்ல பாகத்தையும் புதுத் தகரத் துண்டையும் மேசையில் ஒட்டிப் பாருங்கள். 1 மி.மீ. தகரத்துக்கு 60 ஆம்பியர் பக்கத்தில் தொடங்கலாம். ஒட்டிய துண்டை வைஸில் பிடித்து மடக்குங்கள். வெல்டு அப்படியே பெயர்ந்து வந்தால் சூடு போதவில்லை. பின்பக்கம் லேசாகப் புடைத்து நீலம் பாய்ந்திருந்தால் சரியான அளவு.

எர்த் கிளாம்பைப் பம்பரில் மாட்டாமல், வெல்டு செய்யும் தகரத்திலேயே பளிச்சென்று தேய்த்த இடத்தில் மாட்டுங்கள். கரண்ட் சுற்றி வர வேண்டியிருந்தால் பேரிங், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகப் போய் அவற்றைச் சுட்டுவிடும்.

தகரத்தை வைஸ் கிரிப்பில் பிடித்து நான்கு மூலையிலும் ஒரு டேக், பிறகு எதிர் எதிர்ப் பக்கங்களின் நடுவில் ஒன்று, இப்படியே பாதி பாதியாக 25 மி.மீ.க்கு ஒரு டேக் வரும்வரை. ஒவ்வொரு டேக்குக்கும் முன் கொட்டாப்புளியால் தட்டி இரண்டு தகரமும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் காற்று இருந்தால் அங்கே பொத்தல் நிச்சயம். கதவை ஒரு முறை சாத்திப் பாருங்கள். எழுதி வைத்த இடைவெளி மாறியிருந்தால் இப்போது டேக்கை உடைத்துச் சரிசெய்யலாம், பிறகு முடியாது.

அதன் பின் டேக்குகளுக்கு நடுவே 10, 15 மி.மீ. நீளத்தில் துண்டு துண்டாக, ஒன்று இந்த மூலையில் என்றால் அடுத்தது எதிர் மூலையில் போட்டு நிரப்புங்கள். ஒரே கோடாக இழுத்துக்கொண்டே போனால் தகரம் மேலே வீங்கும், பிறகு எவ்வளவு தட்டினாலும் இறங்காது. கையில் தொடும் சூடு வந்த பிறகே பக்கத்துத் துண்டுக்குப் போகலாம். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம். ஓரம் கெட்டித்துப்போய்க் கீற வாய்ப்புண்டு, ஈரமும் மடிப்புக்குள் போகும். பொத்தல் விழுந்தால் அடியில் ஒரு செம்புத் தட்டை அழுத்திப் பிடித்து ஓரத்திலிருந்து பொட்டுப் பொட்டாக நிரப்புங்கள், செம்பில் வெல்டு ஒட்டாது. சட்டத்தில் பிளக் வெல்டு போடும்போது சூட்டைச் சற்று ஏற்றி, துளையின் நடுவே அடித்தட்டில் முதலில் ஆர்க்கைப் பிடித்துப் பிறகு வட்டமாக விளிம்புக்கு வர வேண்டும். விளிம்பில் ஆரம்பித்தால் பார்க்க நிறைந்தது போல் இருக்கும், அடியில் பிடித்திருக்காது.

ஃப்ளாப் டிஸ்கால் வெல்டு மேட்டை மட்டும் குறையுங்கள். அழகுக்காகப் பக்கத்துத் தகரத்தையும் சேர்த்துத் தேய்த்தால் 1 மி.மீ. அரை மி.மீ. ஆகிவிடும். ஃப்ளோருக்கு அழகு தேவையில்லை, மேட் மூடிவிடும்.

அடைப்பதும் பூசுவதும்

வெறும் தகரம் நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் சிவக்கும், கடற்கரைப் பக்கம் இன்னும் வேகம். ஆகவே தேய்த்து முடித்த அன்றே தின்னர் போட்டுத் துடைத்து எபாக்சி பிரைமர் இரண்டு கோட் மேலும் கீழும் அடித்துவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மேட் போடுவது இன்னும் பல பட்டறைகளில் வழக்கம். அது ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

பிரைமர் காய்ந்தபின் சீலென்ட், அதற்கு முன் அல்ல. வெறும் தகரத்தில் போட்ட சீலென்ட்டுக்கு அடியில் துரு ஊர்ந்து போகும். எல்லா வெல்டு கோட்டின் மேலும் பட்டையாகப் போட்டு விரலால் இழுத்துவிடுங்கள், அடிப்பக்கம் ஏறிய விளிம்பை விட்டுவிடாமல். ஒரு நாள் விட்டு மேலே பெயின்ட், அடியில் ரப்பர் கோட்டிங். பிரேக் பைப், சைலன்சர், வடிகால் ஓட்டை, டார்ஷன் பார் ஆகியவற்றின் மேல் கோட்டிங் படாமல் முதலிலேயே பேப்பர் ஒட்டி மறையுங்கள். ரன்னிங் போர்டு பெட்டிக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் வெல்டிங் சூட்டில் உள்பூச்சு எரிந்திருக்கும். வடிகால் ஓட்டை வழியாக நீளக் குழாய் விட்டு, பெட்டியின் உள்சுவரில் படியும் மெழுகுப் பூச்சான கேவிட்டி வாக்ஸ் அடிப்பதுதான் அதற்கு மருந்து. அடித்த பிறகு அந்த ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

பழைய சணல் ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். தண்ணீர் குடிக்காத ஃபோம் ஷீட் வெட்டி, ஒட்டாமல் சும்மா விரித்து வையுங்கள், தூக்கிப் பார்க்க வசதி. சீட்டை மாட்டும் முன் இன்னொரு தடவை செய்தித்தாளை விரித்து ஹோஸ் பைப்பைப் பிடியுங்கள். முதல் பெருமழை முடிந்த மறுநாள் மேட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் வெல்டிங்கைச் சந்தேகப்படுவதற்கு முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளைப் பாருங்கள்.